ரூபாய்க்குக் காலணா கொடுத்துப் போட்ட பாதை

மயிலாடுதுறை,
தை மாதக் கடைசி.

அன்புள்ள நண்பா,

போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவனுக்கு நான் ரயிலைப் பற்றி எழுதுவதா என்று கொஞ்சம் தயங்கினேன். ஆனால் இங்கே வந்து பார்த்ததையும் கேட்டதையும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இங்கே சம்பா அறுப்பு மும்முரமாக நடக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அறுவடை மிஷின் சத்தம். தார் ரோட்டில் பாதியை நெல் காயப் போட்டு அடைத்திருக்கிறார்கள். பஸ் டிரைவர்களும் ஒன்றும் சொல்லாமல் மீதிப் பாதியில் ஒதுங்கிப் போகிறார்கள்.

தரங்கம்பாடிக்குப் போன பழைய ரயில் பாதையைத் தேடித்தான் முதலில் கிளம்பினேன். மயிலாடுதுறையில் பிரிந்து மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று ஊர் ஊராகத் தொட்டுக் கடற்கரைக்குப் போன கிளைப் பாதை அது. நீளம் சுமார் 30 கிலோமீட்டர். 1926-இல் திறந்தார்கள், 1980களின் நடுவில் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் பெயர்த்து எடுத்தாயிற்று. ஆனாலும் பாதை போன வழி பல இடங்களில் கண்ணுக்குத் தெரிகிறது. வயல் மட்டத்தைவிட உயரமாக ஒரு மண்மேடு வளையாமல் நெளியாமல் போகும். அதன்மேல் கருவை மண்டியிருக்கும். பழைய தண்டவாளத் துண்டுகள் இரண்டொரு கொல்லையில் வேலிக்கால்களாக நிற்கின்றன.

ஆக்கூர் தாண்டி ஒரு வாய்க்காலின் குறுக்கே நின்ற சின்னப் பாலத்தடியில் இறங்கிப் பார்த்தேன். செங்கல்லைக் குத்துவாட்டில் நெருக்கி அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசிக் கட்டிய வளைவு. காரை அங்கங்கே உதிர்ந்திருக்கிறது, செங்கல் ஒன்றுகூட நழுவவில்லை. மேலே ரயில் போய் நாற்பது வருஷம் ஆகப்போகிறது. அடியில் பாய்ச்சல் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வரப்பில் வந்த பெரியவர் என்னைப் பார்த்ததும், “சர்வே எடுக்க வந்தீங்களா சார்? ரயிலு திரும்ப வரப்போவுதா?” என்று கேட்டார். இல்லை, பார்க்கத்தான் வந்தேன் என்றேன். “எங்கம்மா மீன் கூடையோட இதுலதான் மாயவரம் போவும். வித்துட்டு மத்தியான வண்டியில திரும்பிடும்” என்றார். மாயவரம் என்று அவர் சொன்னது மயிலாடுதுறையைத்தான். இந்தப் பாதையோரத்தில் பேச்சுக் கொடுத்தவர்களில் பலர் முதலில் கேட்டது அதே கேள்விதான்: ரயில் திரும்ப வருமா?

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வரலாறு பெரியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஐந்தே வருஷத்தில், 1861-இல், கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் விட்டது. மறு வருஷம் அது திருச்சியைத் தொட்டது. அரிசி விளையும் நாட்டையும் துறைமுகத்தையும் இணைப்பதுதான் நோக்கம். முதலில் அகலப்பாதையாகப் போட்டதை 1875 வாக்கில் மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் இந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆகியிருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து அதே வழியில் திரும்பவும் அகலப்பாதை போட்டோம்.

தரங்கம்பாடிக்கு இதில் நேர்ந்ததைக் கேள். 1845-இல் டேனிஷ்காரர்கள் அந்த ஊரை இங்கிலீஷ்காரர்களிடம் விற்றார்கள். அதன்பின் 1860 வரை தஞ்சாவூர் ஜில்லாவின் தலைநகரே அதுதான். கலெக்டர் கச்சேரி தஞ்சாவூருக்குப் போயிற்று; அடுத்த வருஷமே ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது. கப்பலும் வியாபாரமும் ரயில் இருக்கும் துறைமுகத்தைத் தேடிப் போயின. தரங்கம்பாடி தனக்கென்று ஒரு ரயில் காண அறுபத்தைந்து வருஷம் காத்திருந்தது. அறுபது வருஷம்தான் அனுபவித்தது.

இனி, இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததன் காரணத்தைச் சொல்கிறேன். மயிலாடுதுறையிலிருந்து பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை போகும் பாதை 1894-இல் திறக்கப்பட்டது. 1903-க்குள் அது பட்டுக்கோட்டை தாண்டி அறந்தாங்கி வரை நீண்டது. இது தஞ்சாவூர் ஜில்லா போர்டின் ரயில். ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே. சொந்தக்காரர் ஜில்லா போர்டு. இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டு தனக்கென்று ரயில் வைத்துக்கொண்டதற்குத் தஞ்சாவூர்தான் முன்னோடி. பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நிலத்தின்மேல் போட்ட தனி வரியிலிருந்து. ரூபாய்க்கு மூன்று தம்பிடி, அதாவது காலணா. மிராசுதாரும் சின்னப் பட்டாதாரரும் வருஷா வருஷம் கட்டிய காலணாக்கள் சேர்ந்துதான் ரயிலாயின. வரி கட்டியது நிலம் வைத்திருந்தவர். அந்த வரிக்கு நெல் விளைவித்தது சேற்றில் இறங்கி நாற்று நட்ட கூலியாள். இரண்டு பேருமே இந்தப் பாதைக்குக் கொடுத்தவர்கள்தான்.

நாகப்பட்டினம் பாதை காவேரிக் கிளைகள் ஓடும் திசையிலேயே கிழக்கும் மேற்குமாகப் போகிறது. ஜில்லா போர்டுப் பாதை வடக்கிலிருந்து தெற்கே இறங்குவதால் கடலைப் பார்த்து ஓடும் அத்தனை ஆறுகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். வீரசோழன், அரசலாறு, திருமலைராஜன், முடிகொண்டான், ஓடம்போக்கி, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். நடுநடுவே கணக்கில்லாத வாய்க்கால்கள். ஒவ்வொன்றுக்கும் பாலமோ மதகோ கட்டியாக வேண்டும். மண்மேடு தண்ணீரை மறித்தால் மேல்பக்கத்து வயல் அழுகிப் போகும், கீழ்ப்பக்கம் காயும். ஆக்கூர்ப் பக்கத்தில் நான் பார்த்த சின்னப் பாலமும் இந்தக் கவலையில் கட்டியதுதான்.

இப்படி வளர்ந்த கிளைகளைப் பிற்பாடு ஒவ்வொன்றாக வெட்டினார்கள். நீடாமங்கலம்–மன்னார்குடிப் பாதை 1915-இல் வந்தது, 1976-இல் நின்றது. பேரளத்திலிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு 1898-இல் பிரெஞ்சு அரசாங்கம் போட்ட பாதையும் 1980களில் போயிற்று. பஸ்ஸும் லாரியும் வீட்டு வாசலுக்கே வந்தபோது, மெதுவாக ஓடிய மீட்டர் பாதை வண்டிகளில் கூட்டம் குறைந்தது. வருமானம் இல்லை என்று கணக்குக் காட்டி மூடினார்கள். அந்தக் கணக்கில் காலணாவுக்கு ஒரு பத்தி இருந்திருக்காது.

வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. பிரிட்டனில் 1963-இல் பீச்சிங் அறிக்கை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. அந்தக் காலத்தில், 1969-இல், மூடிய ஸ்காட்லாந்தின் பார்டர்ஸ் பாதையில் ஒரு பகுதியை 2015-இல் திரும்பப் போட்டுத் திறந்தார்கள். மூடுவது சுலபம், திரும்பப் போடுவதற்குப் பல மடங்கு செலவு என்பதை அவர்களும் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

நம் பக்கத்தில் சில பாதைகள் திரும்பி வந்திருப்பதை நேரில் பார்த்தேன். மன்னார்குடிக்கு 2011-இல் ரயில் வந்துவிட்டது. நீடாமங்கலம் கூட்ஸ் ஷெட்டில் ஒரு காலை முழுக்க நின்றேன். கொள்முதல் நிலையங்களிலிருந்து லாரி லாரியாக நெல் வந்து நிற்கிறது. லோடுமேன்கள் துண்டைச் சும்மாடு கட்டிக்கொண்டு நாற்பது கிலோ மூட்டையைத் தலைக்கு ஏற்றி, பலகை வழியே வேகனுக்குள் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். ஒரு வண்டிக்கு 42 வேகன், சுமார் 2,000 டன். மூட்டைக் கணக்கில் ஐம்பதாயிரம் மூட்டை. அத்தனையும் ஆள் தலையில் ஏறித்தான் வேகனுக்குப் போகிறது. அரைப்பதற்காக வெளி மாவட்டங்களுக்குப் போகும் நெல் இது. என்ஜின் முன்னும் பின்னும் மாறும்போதெல்லாம் நீடாமங்கலம் கேட் மூடிக்கொள்ளும். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் ரோட்டில் இரு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சலித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தேன். அவர்கள் காத்திருப்பது இந்த மாவட்டத்தின் நெல் போவதற்காகத்தான்.

திருவாரூர்–காரைக்குடிப் பாதையில் 2019-இல் ரயில் ஓடத் தொடங்கியபோது கேட்டுக்கு ஆள் போதவில்லை. கேட்கீப்பர்கள் ரயிலிலேயே வந்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிக் கேட்டை மூடுவார். வண்டி தாண்டியதும் மறுபடி நிற்கும். கடைசிப் பெட்டியில் இருப்பவர் கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அப்படி ஓடும் ரயிலில் யார் ஏறுவார்கள்? பிறகு, ஆட்கள் வரவில்லை என்று எழுதி மூடுவதற்கு அதுவே ஆதாரமாகிவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்கு டெமு ரயிலில் போனேன். 37 கிலோமீட்டர். ஏறத்தாழ இருபது வருஷம் ரயில் இல்லாமல் கிடந்து, 2023 ஏப்ரலில் அகலப்பாதையாகத் திறந்த பகுதி இது. 294 கோடி ரூபாய் செலவு. வயல் முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தில் காற்றே மாறிவிடுகிறது. பாத்திகளில் உப்பை வழித்துக் கரையில் குவித்து, கீற்று போட்டு மூடியிருக்கிறார்கள். 1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த இடம் இந்த அகஸ்தியம்பள்ளிதான். அப்போதே வேதாரண்யத்துக்கு ரயில் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வழியில் ஊர்களைச் சந்திப்பதற்காகவே அவர்கள் நடந்தார்கள். சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் தார்ன் மிரட்டியபோது, ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்களாம். அகஸ்தியம்பள்ளிக்கு அப்பால் கோடிக்கரை வரை போன பழைய துண்டு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

நாகப்பட்டினத்தில் உன் ஊர் நினைவு வந்தது. போத்தனூர், திருச்சி, நாகப்பட்டினம் மூன்று ஊர் ஒர்க்‌ஷாப்புகளையும் பொன்மலையில் ஒன்றாக்கி ஆட்களைக் குறைக்கப் போய்த்தானே 1928 ஜூலையில் அந்தப் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. அதை முன்னின்று நடத்திய சிங்காரவேலரும் முகுந்த்லால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். அந்த ஒர்க்‌ஷாப் போனதும் நாகப்பட்டினம் எவ்வளவு சுருங்கியிருக்கும் என்பதை, போத்தனூர்க்காரனான உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் பார்த்தபின் எனக்கு ஒன்று திட்டமாகத் தோன்றுகிறது. இந்தச் சின்ன ஸ்டேஷன்களை அரசாங்கம் இனாமாகக் கொடுத்துப் பிறகு பிடுங்கிக்கொண்ட பொருளாகப் பார்ப்பது தவறு. ஜில்லா போர்டுப் பாதையில் உள்ள ஒவ்வொரு ஸ்டேஷனும் ஊர்ப்பணம். ஒரு கிளையை மூடுவதோ திறப்பதோ, டிக்கெட் வசூலை மட்டும் வைத்து முடிவு செய்யும் விஷயமாக இருக்கக் கூடாது. மீன் கூடைக்காரம்மா மத்தியானத்துக்குள் வீடு திரும்பினார்களா, நெல் மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததா என்பதும் கணக்கில் வர வேண்டும். மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டமாகிவிட்டது. தன் மாவட்டத் தலைநகருக்குத் தரங்கம்பாடிக்காரர் ரயிலில் வர முடியவில்லை. காரைக்கால் பாதைக்குத் திரும்ப அகலப்பாதை போட்டாயிற்று. தரங்கம்பாடிக்கும் போடுவது ஆகாத காரியம் இல்லை.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. அகலப்பாதை போடும்போது பழைய ஓட்டுக் கட்டடங்கள் பலவற்றை இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவற்றில் பாதைக்கு ஒன்றையாவது பழுது பார்த்து வைத்தால், ஊர் நூலகமாகவோ காத்திருப்பு அறையாகவோ பயன்படும். மாவட்ட நூலகங்கள் பழைய டிக்கெட், கால அட்டவணை, ஸ்டேஷன் போட்டோ எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் சேர்க்கலாம். மாயவரம் சந்தைக்கு ரயிலில் போன தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய இதைவிட நல்ல காலம் வராது.

உன் அப்பா இரும்புப் பெட்டியில் வைத்திருக்கும் பழைய கால அட்டவணைகளில் மாயவரம்–தரங்கம்பாடிப் பக்கம் இருந்தால், படம் எடுத்து உடனே அனுப்பு. எந்த வண்டி எத்தனை மணிக்கு ஆக்கூரில் நின்றது என்பது எனக்கு வேண்டும். அந்தப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்து, பங்குனிக்குள் பட்டுக்கோட்டை–அறந்தாங்கிப் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். நீயும் லீவு போட்டுவிட்டு வா. இரண்டு பேரும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் கட்டடங்களை ஒழுங்காகப் பட்டியல் எடுத்துவிடலாம்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்.