அரிவரி ரீச்சரின் குட்டான்

திருவெம்பாவைக்கு ஊதிய சங்கு திரும்பப் பெட்டிக்குள் போய் இரண்டு கிழமையில் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். வலிகாமம் வடக்கில் அது பனிக்காலம். காலை எட்டு மணியாகியும் புகையிலை இலையில் ஈரம் காயாது. வசாவிளானுக்குக் கிட்ட எங்கள் ஊர். செம்மண் தோட்டமும் கிணறும் பனையுந்தான் ஊர். நடுவில் ஐந்தாம் வகுப்புவரை உள்ள ஒரு பள்ளிக்கூடம்.

நான் 1972 இலேயே போயிருக்கவேண்டியவள். அந்த வருசம் கல்விச் சீர்திருத்தம் என்று பள்ளியில் சேருகிற வயதை 6 ஆக்கிவிட்டார்கள். எனக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை ஒரு வருசம் பெட்டகத்துக்குள் கிடந்தது. 1973 தையில் எடுத்துப் போட்டால் முழங்காலுக்கு மேலே நின்றது. அம்மா கீழே ஒரு பட்டி பிடித்துத் தைத்துவிட்டா. துணிக்குத் தட்டுப்பாடான காலம். கிடைத்த துண்டு வேறொரு வெள்ளை. இரண்டு வெள்ளையும் சந்திக்கிற இடத்தைக் கையால் பொத்திக்கொண்டே நடந்தேன்.

ஐயா தோட்டத்தால் நேரே வந்தார். "கிணத்தடியிலை காலைக் கழுவிப்போட்டுப் போங்கோவன்" என்று அம்மா சொன்னது காதில் விழவில்லை. கணுக்கால் மட்டும் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. மிளகாய்க்குத் தண்ணி மாறிவிட்டு வருகிறார். வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் அரசாங்கம் மறித்துவிட்டதால் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரருக்கு நாலு காசு புழங்கிய காலம் அது. காசு இருந்தது, கடையில் சீனி இல்லை.

பள்ளிக்கூடக் கேற்றடியில், வேம்புக்குக் கீழே அரிவரி ரீச்சர் நின்றா. எழுத்துத் தொடக்குகிற வகுப்புக்கு அரசாங்கம் என்ன பேர் வைத்தாலும் ஊருக்கு அது அரிவரிதான். ஆகவே அவவும் அரிவரி ரீச்சர். வேறு பேர் இருந்ததே எனக்குப் பத்து வயதுக்குப் பிறகுதான் தெரியும்.

ரீச்சர் என்னைப் பார்க்கவில்லை. எந்தப் பிள்ளையையும் முதலில் பார்க்கமாட்டா. கூட்டிவந்த ஆளைத்தான் பார்ப்பா.

"என்ன, மிளகாய் பூத்திட்டுதோ? கொம்மாவுக்குக் கண் இப்ப தெரியுதோ? நீ எனக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் ஒப்புவிக்கேல்லை, மறந்திடாதை."

ஐயா சால்வையைத் தோளால் எடுத்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, கால் பெருவிரலால் நிலத்தைக் கிண்டினார். என்னுடைய ஐயா! வீட்டில் அவர் செருமினால் நாங்கள் கதவுக்குப் பின்னால் போய்விடுவோம்.

"சரி, இவளை என்னட்டை விட்டிட்டுப் போ. தண்ணி மாறி முடியேல்லை எண்டு முகத்திலை தெரியுது."

அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினா. சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு பனங்கட்டிக் குட்டானை எடுத்தா. சித்திரை வைகாசியில் காய்ச்சி ஊற்றிய பனங்கட்டி மாரிக்கு இளகி ஓலையோடு ஒட்டிப்போகும். ஓலையை நகத்தால் உரித்து, ஒரு துண்டு கிள்ளி, "ஆ" என்றா. வாய்க்குள் பனங்கட்டியோடு ஒரு நார் ஓலையும் வந்தது. அதைத் துப்புவதா விழுங்குவதா என்ற யோசனையில், ஐயா போனதை நான் கவனிக்கவில்லை. அழுகையைத் தவறவிட்டுவிட்டேன் என்றுதான் சொல்லவேணும்.

இப்போது இந்த முதல் நாளுக்கு விழா இருக்கிறது. கால்கோள் விழா. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் புதுப்பிள்ளைகளுக்கு மாலை போட்டுக் கைபிடித்துக் கூட்டிவருவார்கள். அழகான காட்சிதான், குறை சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு வருகிற பேச்சுகளைத்தான் குறை சொல்வேன். மூன்றாவது பேச்சாளர் கல்வியின் மகிமைக்கு வரும்போது முன்வரிசையில் பாதிப் பேருக்கு மூத்திரம் முட்டியிருக்கும்.

நான் ரீச்சரானது 1990 தையில், அதே பள்ளிக்கூடத்தில், அதே வகுப்புக்கு. இடாப்பில் 32 பேர். கேற்றடியில் வேம்புக்குக் கீழே போய் நின்றேன். எல்லாரையும் தெரியும். யாருடைய கிணறு வத்தினது, யாருடைய மாடு கண்டு போட்டது, எந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் வேலிச் சண்டை என்று கேட்க எனக்கு ஆயிரம் இருந்தன. கேட்டேன். தோட்டத்தால் வந்த ஒரு பெரிய மனுசர் சால்வையை எடுத்துக் கக்கத்துக்குள் வைத்தபோது எனக்கு உடம்பு கூசிவிட்டது. 23 வயது எனக்கு.

ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. பலாலி இராணுவ முகாமுக்குப் பக்கத்து ஊர், நிற்க ஏலாது. நாலைந்து நாளில் திரும்பிவிடலாம் என்று இடாப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை மட்டும் கொண்டுவந்தேன். திறப்பு இன்றைக்கும் இருக்கிறது.

1991 தையில் ஒரு கோயில் மடத்தில் வகுப்புத் தொடங்கினோம். அகதி முகாமிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். கொப்பித் தாளில் பேப்பர் அடித்து விற்ற காலம். எழுதக் கொப்பி ஏது, மணலில்தான் 'அ'. எங்கள் ஊர்த் தாய் ஒருத்தி மகனைக் கூட்டிவந்தா. பழக்க தோசத்தில் வாயைத் திறந்தேன்.

"என்னக்கா, வீட்டிலை எப்பிடி?"

'வீட்டிலை' என்ற சொல் என் வாயால் போனதுதான் தாமதம், அவ மடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. பிள்ளை என்னை முறைத்துப் பார்த்தான்.

அன்றோடு கேட்பதை விட்டேன். பிள்ளையின் முழுப்பேர் என்ன, பிறப்புப் பத்திரம் இருக்கோ, அவ்வளவுதான். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது, திரும்பி வந்தது, எத்தனையோ பள்ளிக்கூடம் மாறியது. எங்கும் நல்ல ரீச்சர் என்று பேர் எடுத்தேன். பெற்றோரோடு கதைக்காத ரீச்சர் என்றும்.

2018 சித்திரையில், அதுவரை இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் பக்கத்துக் காணிகளை விட்டார்கள். பற்றை வெட்டி, கூரை போட்டு, பள்ளிக்கூடம் மெல்லத் திறந்தது. கேட்டு வாங்கி மாற்றலாகி வந்தேன். 2020 தையில் முதலாம் வகுப்புக்கு நாலு பேர். இரண்டாம் வகுப்பில் மூன்றே பேர் என்பதால் ஒரு பெட்டை ஓடியோடி இரண்டு மாலை போட்டாள்.

வேம்பு இல்லை. அது நின்ற இடத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்து நின்றேன். கையில் சுன்னாகம் சந்தையில் வாங்கின குட்டான். ஒரு தாய் மோட்டார் சைக்கிளால் இறங்கி மகனை இறக்கினா. முப்பது வயதுகூட இராது. என்ன கேட்பது? தோட்டம் இல்லை, கிணற்றைத் தேடியே எடுக்கவேணும்.

"பிள்ளை எந்த ஒழுங்கை?"

"தெரியாது ரீச்சர். நாங்கள் இப்ப சுன்னாகத்திலை வாடகைக்கு. இஞ்சை அவற்றை அப்பாவின்ரை காணி. வீடு கட்டித்தான் வரவேணும்."

பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த கிழவர் சொன்னார்: "பூவரசடி ஒழுங்கை."

பூவரசும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. அவர் சொன்னவிதம், நேற்றும் அதால் நடந்து வந்தவர்போல. என்னைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் மிளகாய்த் தோட்டக்காறற்றை மோளல்லோ? கொய்யா கால் கழுவாமல் பள்ளிக்கூடம் வாற ஆள். கொம்மா இருக்கிறாவோ? ஆர் பாக்கினம்?"

"இருக்கிறா. நான்தான் பாக்கிறன்" என்றேன். குரல் சரியாக வரவில்லை.

குனிந்து குட்டானை உரித்து, ஒரு துண்டு கிள்ளிப் பொடியனின் வாயில் வைத்தேன். இரண்டு தரம் மென்றான். முகத்தைச் சுளித்தான்.

"இது ரொபி இல்லை" என்று உள்ளங்கையில் துப்பி அப்பப்பாவிடம் நீட்டினான். அவர் ஓலை நாரை மட்டும் எடுத்தெறிந்துவிட்டு, மற்றதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.