அரபு மண்ணில் ஒரு மருதநிலம்

கற்பனையில் ஓர் உலகைப் படைப்போர் அதற்கு நிலமும் கொடியும் வகுப்பர். ஆங்கிலப் பேராசிரியர் டோல்கியன், 1954-55ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருங்கதையில் தாமே படைத்த நாடுகளுக்கு நிலப்படம் வரைந்தார். ஒரு நாட்டிற்கு வெண்குதிரையையும் மற்றொன்றிற்கு வெண்மரத்தையும் கொடிச்சின்னமாக்கினார். நம் மாணவர் அதனைப் படித்து வியக்கின்றனர். வியக்கட்டும். ஆயின், இக்கலை தமிழர்க்குப் புதிதன்று.

சேரர்க்கு வில்லும் பனம்பூவும், சோழர்க்குப் புலியும் ஆத்தியும், பாண்டியர்க்குக் கயலும் வேம்பும் அடையாளங்கள். அவர்தம் சின்னங்களை இமயத்திலேயே பொறித்ததாகப் புலவர் பாடினர். ஏறிச்சென்று கண்டார் எவருமில்லை. எனினும் தமிழ் நெஞ்சில் அவை அழியவில்லை. நாமக்கல் சமவெளியிலிருந்து நாம் நாளும் காணும் கொல்லிமலையும் அத்தகையதே. வல்வில் ஓரி ஆண்ட அம்மலையைக் காரி வென்று சேரனுக்கு அளித்தான். அங்கே காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கினும் அழகு குன்றாத பாவை ஒன்று நிற்பதாகச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. பேருந்து செல்லும் மலை ஒன்று; பாட்டில் நிற்கும் மலை மற்றொன்று.

இம்மரபில் வந்தவரே பதினேழாம் நூற்றாண்டின் உமறுப்புலவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடியபோது, நாட்டுப் படலத்தில் அரபு நாட்டிற்கு மழையைத் தந்தார். மலையிலிருந்து வெள்ளத்தை இறக்கி வயலிற் பாயவிட்டார்.

“பாலைவனத்தில் நெல் விளையுமா, ஐயா?” என்று ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு மாணவராவது வினவுகிறார். காப்பிய மரபு என்று கூறி முடித்துவிடலாம். அவ்விடை நமக்கு நிறைவளிப்பதில்லை. உமறு வாழ்ந்த எட்டயபுரம் வானம் பார்த்த கரிசல்பூமி. ஆகவே, அவர் பாடியது கண்ட வயலை மட்டுமன்று, வேண்டிய வயலையுமாம். நம் இல்லத்துப் பெரியோர் மழையை ‘ரஹ்மத்’ என்பர். அகிலத்தார்க்கு ரஹ்மத்தாக வந்த பெருமானாரைப் பாடப் புகுந்தவர் மழையில் தொடங்கியது எத்துணைப் பொருத்தம்! மரவள்ளிக் காட்டில் மழைக்குக் காத்திருக்கும் சேலத்து உழவர் இதனை எளிதில் உணர்வர்.

தமிழ் முஸ்லிம்களை நோக்கி, “உம் நாடு எது?” என்று கேட்பார் இன்றும் உளர். மக்காவை நோக்கித் தொழுபவரின் நெஞ்சில் மருதநிலத்திற்கும் இடமுண்டு என்பதை உமறு முந்நூறு ஆண்டுகட்கு முன்பே பாடிவிட்டார். மாணவர்கள் நாட்டுப் படலத்தைத் தேர்வுக்காக மட்டுமன்றி, இவ்வினாவிற்கு விடையாகவும் ஒருமுறை ஓதுவார்களாக.