ஊர்க் கூடாரத்தின் கம்பு ஏன் முறிந்தது?

 

ஊர்க் கூடாரத்தைப் பற்றி வட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாகப் பேச்சு நடக்கிறது. "அது முடிஞ்சு, வீசிட்டுப் புதுசு வாங்குவம்" என்று ஒரு பக்கம். "இரவல் வாங்கினவங்கதான் காசு தரணும்" என்று இன்னொரு பக்கம். குரல் பதிவுகளில் சூடும் கொஞ்சம் கூடிவிட்டது. அதனால் நாங்கள் இரண்டு ஆசிரியர்களும் மூன்று சாரணப் பிள்ளைகளும் கூடாரத்தை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தோம். கண்டதையும் செய்ததையும் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

தெரியாதவர்களுக்கு: இது கட்டாரில் வேலை செய்யும் எங்களூர்ப் பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்பிய பெரிய கூடாரம். 6 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், ஓரச் சுவர் 2 மீற்றர் உயரம். கூரையில் இரண்டு நீளமான பைபர் கிளாஸ் கம்புகள் குறுக்காக வளைந்து போகும். ஓரங்களில் ஆறு இரும்புக் கால்கள். சாரணர் பாசறை, மருத்துவ முகாம், மௌத்து வீடு, வெள்ள காலத்தில் சமையல் என்று எல்லாவற்றுக்கும் இதுதான் போய் வருகிறது. ஆவணி மாதத்தில் ஒரு நிகழ்வுக்கு இரவல் போனது. பகல் இரண்டு மணிக்குப் பிறகு சோளகம் பிடித்தது. கூடாரம் சாய்ந்தது. உள்ளே ஒருவரும் இருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பையைத் திறந்தபோது பைபர் கிளாஸ் துண்டுகளில் மூன்று நீளவாக்கில் பிளந்திருந்தன. ஓர் இரும்புக் கால் லேசாக வளைந்திருந்தது. இன்னொன்று மடிந்தே போயிருந்தது. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது இதுதான். பையின் அடியில் எட்டு இழுவைக் கயிறுகள் இருந்தன. எட்டிலும் தொழிற்சாலையில் சுற்றிய காகிதம் அப்படியே இருந்தது. ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை. கூடாரத்தின் அடியை நிலத்தோடு பிடிக்கும் கம்பி முளைகள் மட்டும் பாவிக்கப்பட்டு, வளைந்து கிடந்தன. முறிந்த கம்புகள், கால்கள் எல்லாம் ஒரே நீளப் பக்கத்தில்.

அந்தப் பக்கம் காற்றைப் பார்த்து நின்றிருக்கிறது. வாசல் அங்கேதான் இருக்கிறது, ஆட்கள் வந்து போக வசதியாக அப்படி நட்டிருப்பார்கள். யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இந்தக் கூடாரத்தோடு வந்த விளக்கத் தாள் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அதை யார் வாசிப்பது?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு சின்னக் கணக்குச் செய்தோம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, எதிரே நிற்கும் சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறத்தாழ 6 கிலோ பாரம் அளவுக்குத் தள்ளும். எங்கள் கூடாரத்தின் நீளப் பக்கம் 12 சதுர மீற்றர். அப்போ 72 கிலோ, ஒரு வளர்ந்த ஆள் சாய்ந்து நிற்பது மாதிரி. காற்று 72 கிலோமீற்றர் ஆனால் பாரமும் இரண்டு மடங்குதானே என்று பிள்ளைகள் சொன்னார்கள். இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. 290 கிலோவுக்குக் கிட்ட வரும். நாலு பேர் ஒன்றாகப் பாய்ந்து விழுவது போல.

அந்தப் பாரம் கயிறு வழியாக முளைக்கும், முளை வழியாக நிலத்துக்கும் போகவேண்டும். கம்பின் வேலை துணியைத் தூக்கிப் பிடிப்பது மட்டும். கயிறு இல்லாவிட்டால் அவ்வளவு பாரமும் கம்பில்தான் வந்து விழும். விரல் மொத்தக் கம்பு என்ன செய்யும்? புதுக் கூடாரம் வாங்கினாலும் இப்படியே நட்டால் அடுத்த சோளகத்தில் இதே கதைதான்.

ஹஜ் செய்தவர்கள் மினாவின் கூடார நகரத்தைக் கண்டிருப்பீர்கள். 1997இல் அங்கே தீப்பிடித்து 343 ஹாஜிகள் மௌத்தானார்கள். அதன் பிறகு தீப்பிடிக்காத துணியில் கூடாரங்களை அமைத்தார்கள். அங்கே பிழைத்தது துணி, துணியை மாற்றினார்கள். எங்களுடையதில் முறிந்தது கம்பு, ஆனால் பிழைத்தது கம்பு அல்ல.

சரி, எப்படித் திருத்தினோம் என்று சொல்கிறோம். வீட்டில் சின்னக் கூடாரம் வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

முதலாவது, பிளந்த பைபர் கிளாஸை வெறுங்கையால் தொடவேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஊசி போல நார் கையில் ஏறும். எங்கள் பையன் ஒருவனின் உள்ளங்கையில் இரண்டு ஏறி, எடுக்க அரை மணித்தியாலம் போனது. தடித்த கையுறை இல்லாவிட்டால் பழைய சாரத் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கம்புத் துண்டுகளை உள்ளே ஓர் இலாஸ்டிக் கயிறு கோர்த்திருக்கும். நுனி மூடியைக் கழற்றி முடிச்சை அவிழ்த்தால் துண்டுகள் ஒவ்வொன்றாக வரும். வந்த ஒழுங்கில் நிலத்தில் அடுக்கி வையுங்கள், இலக்கம் போடுங்கள். அதே மொத்தத்தில் மாற்றுத் துண்டு கிடைத்தால் பழையதின் நீளத்துக்கு அளந்து வெட்டலாம். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, ஈரத்துணி வைத்து, ஹக்சோ பிளேட்டால் மெதுவாக அறுக்கவேண்டும். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது, மாஸ்க் போடுங்கள்.

எங்களுக்கு இரண்டு துண்டுதான் கிடைத்தது. மூன்றாவதுக்கு உறை போட்டோம். டிஷ் வந்த பிறகு எத்தனை வீட்டுக் கூரையில் பழைய டீவி அன்டனா சும்மா நிற்கிறது? அந்த அலுமினியக் குழாயில், கம்பு இறுக்கமாக நுழையும் அளவில் ஒரு சாண் துண்டு வெட்டினோம். முறிவு நடுவில் வரும்படி கம்பை உள்ளே செலுத்தி, இரண்டு நுனியையும் அரத்தால் தேய்த்து மழுக்கி, டேப் சுற்றினோம். மழுக்காவிட்டால் அந்த விளிம்பே கூரைத் துணியைக் கிழிக்கும். வெறும் டேப்பை மட்டும் சுற்றி விட்டால் அது ஓர் இரவுக்குத்தான். உறை போட்ட துண்டு மற்றத் துண்டுகளைப் போல வளையாது. அதனால் வளைவு குறைந்த இடத்துக்கு அதை மாற்றிக் கோர்த்திருக்கிறோம்.

இரும்புக் கால்களுக்கு முள்ளியவளையில் ஒரு வெல்டிங் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணை இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். லேசாக வளைந்ததை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து நிமிர்த்தித் தந்தார். மடிந்ததை வெல்டிங் செய்யச் சொன்னோம். மறுத்துவிட்டார்.

"சேர், இது மெல்லிய பைப். சூடு பிடிச்சா ஓட்டை விழும். மடிஞ்ச இடத்தை நிமிர்த்தினாலும் திரும்ப அங்கதான் மடியும். வெட்டி எறிஞ்சிட்டு உள்ளுக்கு ஒரு பைப் குடுத்து ரெண்டு போல்ட் போடுவம்."

அப்படியே செய்தார். கூலி கேட்டதற்கு ஒரு சோற்றுப் பார்சல் காசுதான் வாங்கினார். பிறகு கேட்டார், "ஆர் இதுக்குள்ள படுக்கிறது?" பிள்ளைகள், பாசறைக்கு என்று சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. 2009இல் மெனிக் பாமில் ஒரு வருடம் கூடாரத்தில் இருந்தவராம். அந்த வருடம் ஆவணி மழையில் தண்ணீர் உள்ளே வந்த இரவு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற கதையைச் சொன்னார். "கயிறு கட்டாட்டி ஒண்டுமில்ல சேர். சுத்திவரக் கானும் வெட்டோணும்" என்றார்.

இதையே எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா வேறு விதமாகச் சொன்னார். பாசறைக்குப் பேரனை அனுப்ப மாட்டேன் என்று நின்றவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எங்கள் மக்கள் வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையோடு புத்தளம் போனவர். "தம்பி, நீங்க பாசறை எண்டு சொல்றீங்க. எனக்கு அது முகாம்தான். ஓலைக் கொட்டில்ல கிடந்தது போதும், இவனாவது வீட்டுல படுக்கட்டும்."

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. எங்கள் வயதுக்காரர்கள் புத்தளத்து முகாம்களில் நடை பழகியவர்கள். பிள்ளைகளுக்கோ கூடாரம் என்றால் விளையாட்டு, ஓர் இரவு வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் கூடாரம் பற்றித் தெரிந்தவர்கள் எங்களிடையே இவ்வளவு பேர் இருக்கும்போது, கயிறு காகிதத்தோடு பையில் கிடந்ததுதான் எங்களுக்குக் கவலை. கொட்டிலை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது, மணலில் எதை எப்படி நடுவது என்பதெல்லாம் அந்தப் பெரியம்மாவுக்கும் தெரியும், வெல்டிங் கடை அண்ணைக்கும் தெரியும். அது வேண்டாத நாட்களில் படித்த பாடம். அதனால் யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

நாங்கள் கேட்டோம். கிடைத்ததையும் சேர்த்து ஒரே தாளில் தமிழில் எழுதி, பையோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறோம். சுருக்கம் இது:

காற்று வரும் பக்கத்துக்கு அகலம் குறைந்த பக்கத்தைக் காட்டவேண்டும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வரும். கார்த்திகை, மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து. வாசல் எதைப் பார்க்கிறது என்பது அடுத்த கேள்வி.

எட்டுக் கயிறும் கட்டவேண்டும். முளை கூடாரத்துக்கு வெளிப்பக்கமாகச் சரிந்து நிற்கவேண்டும். செம்மண், கிரவல் நிலத்துக்கு ஒன்றரை அடி மரமுளை போதும். கடற்கரைப் பக்க மணலில் முளை நிற்காது. உரப்பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதன் நடுவில் முடிந்து, இரண்டடி ஆழத்தில் புதைத்து மூடுங்கள். கையால் இழுத்துப் பாருங்கள், அசையாது.

கடைசி விடயம் எல்லாவற்றையும் விட முக்கியம். மழைக்காலம் வருகிறது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா செய்ததை ஒருவரும் மறந்திருக்க முடியாது. புயலின் மையம் கடக்கும்போது காற்று ஒரு பக்கத்தில் நிற்காது, திசை மாறிக்கொண்டே வரும். எந்தப் பக்கம் பார்த்து நட்டாலும் சரிவராது. அதனால் வளிமண்டலவியல் திணைக்களம் பலத்த காற்று என்று அறிவித்தால், கம்புகளைக் கழற்றிக் கூடாரத்தை நிலத்தில் படுக்க வைக்கவேண்டும். ஆட்கள் பாடசாலைக் கட்டடத்துக்குப் போகவேண்டும். 2023 ஓகஸ்டில் தென்கொரியாவில் உலகச் சாரணர் ஜம்போரி நடந்தபோது, சூறாவளி வருகிறது என்று தெரிந்ததும் பல்லாயிரம் பிள்ளைகளைப் பாசறையிலிருந்து முன்கூட்டியே கட்டடங்களுக்குக் கொண்டு போனார்கள். அதற்கு ஒருவரும் வெட்கப்படவில்லை.

இது வெயிலுக்கும் தூறலுக்கும் நிற்கும் கூடாரம். புயலுக்கு அடைக்கலம் அல்ல. வெள்ள காலத்தில் இதற்குள் சமைக்கலாம், சாமான் வைக்கலாம். குடும்பங்களைப் படுக்க வைப்பதற்கு இதைத் தரமாட்டோம் என்று நிர்வாகத்திடம் கேட்டு முடிவாக்கியிருக்கிறோம். இதில் சிலருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை.

காசு யார் தருவது என்ற பேச்சை இத்தோடு விடுவோம். செலவு முடிந்துவிட்டது, பெரிய தொகையும் இல்லை. இனி இரவல் கேட்பவர்களிடம் காசு கேட்கப்போவதில்லை. நட்டுப் பழக ஓர் ஆளை அனுப்பச் சொல்வோம், அவ்வளவுதான்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மைதானத்தில் கூடாரத்தை நட்டுப் பார்க்கிறோம். விளையாட்டுக் கழகப் பிள்ளைகள் கட்டாயம் வாருங்கள். வெல்டிங் கடை அண்ணை வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெரியம்மாவையும் கதிரை போட்டு உட்கார வைக்கிறோம், பிழை பிடிக்க. வீட்டு விறகுக்கட்டில் பாலை, முதிரைத் துண்டு இருந்தால் முளை செதுக்கக் கொண்டு வாருங்கள். எட்டு முளை வேண்டும், இப்போதைக்கு மூன்று இருக்கிறது.