மூடிய புத்தகமும் மூன்றடி நிலமும்

அரசர் காலத்துக் காதல் வீரக் கதைகளை வாசிப்பது வீண்பொழுது என்று கடிந்துகொள்ளும் பெரியோர் எக்காலத்திலும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டில், அவிலா நகர்ப் புனித தெரேசாவின் தந்தையும் அத்தகையவரே. வீரர் கதைகளில் மனத்தைப் பறிகொடுத்த தாயும் மகளும் அவர் கண்ணில் படாமல் வாசித்தார்களாம். புனிதையே தம் வரலாற்றில் இதை ஒரு குறையாக ஒப்புக்கொள்கிறார். அதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. சற்று ஆறுதலும் வந்தது.

நம் வீட்டிலும் அத்தகைய மறைவிடம் ஒன்று இருந்தது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்களை அத்தை வாரந்தோறும் பிரித்தெடுத்துச் சேர்த்து, ஐந்து பாகங்களாகப் பைண்டு செய்து வைத்திருந்தார். பள்ளிப் பருவத்தில் இரவுச் செபமாலை முடிந்ததும், நெற்குதிருக்குப் பின்னால் அமர்ந்து அவற்றைப் புரட்டுவோம். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வந்த வந்தியத்தேவனுடன் நாமும் புறப்பட்டுவிடுவோம். தேர்வுக்குரிய பாடம் மட்டும் குதிரின் இப்புறமே நின்றுவிடும்.

அக்கதைகளில் அப்படி என்ன கவர்ச்சி? கோட்டையும் கொத்தளமும் சுரங்க வழியும் ஒரு காரணம்தான். எனினும் அங்கே மனிதரின் சொல்லுக்கு எடை இருந்தது என்பதே பெரிய காரணம் எனத் தோன்றுகிறது. ஓர் ஓலையை உரியவர் கையில் சேர்ப்பதற்காக ஓர் இளைஞன் தன் உயிரையே பணயம் வைக்கிறான். நம்முடைய நாள்களோ விண்ணப்பங்களிலும் ரசீதுகளிலும் தவணைகளிலும் கரைகின்றன. நம் வாழ்வும் ஏதோ ஒரு பெரிய காரியத்துக்காகவே தரப்பட்டது என்னும் உள்ளுணர்வை அக்கதைகள் தட்டி எழுப்புகின்றன.

வயதுக்கு ஏற்ப நம் விருப்பமும் மாறியது. பதினான்கு வயதில் வந்தியத்தேவனின் துடுக்கு பிடித்தது. இருபத்தைந்தில் குந்தவையின் மதிநுட்பம் பிடித்தது. நாற்பதைக் கடந்தபின் ‘தியாக சிகரம்’ என்னும் ஐந்தாம் பாகமே நம்மை அழைத்தது. தம் தலைக்கென வந்த மணிமகுடத்தை அருள்மொழிவர்மர் தம் கையாலேயே எடுத்துச் சிற்றப்பன் தலையில் சூட்டும் காட்சி அதில் வருகிறது. எத்தனை முறை வாசித்தாலும் அங்கே நம் கண்கள் கலங்கும்.

இதற்கு வித்து இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் உள்ளது. மக்கள் வேண்டியபோதும், சிற்றப்பன் அரசை விரும்பும்வரை அருள்மொழி அதை மனத்தாலும் நாடவில்லை என்கிறது அது. மகனின் அவையில் எழுதப்பட்ட புகழ்ச்சி அது என்பதையும் மறக்கலாகாது. ஆதித்த கரிகாலன் கொலையில் உத்தம சோழருக்குப் பங்கு இருக்கலாம் என ஐயுற்றார் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி. உண்மை எதுவாயினும், 985-இல்தான் அருள்மொழி இராசராசனாக அரியணை ஏறினார். செப்பேட்டின் அச்சிறு குறிப்பைக் கல்கி ஒரு சிகரமாக உயர்த்தினார். நாம் அச்சிகரத்தைக் கண்டு கண்ணீர் வடித்தோம்.

அவ்வாறு கண்ணீர் வடித்த ஆண்டில்தான் தந்தையாரின் சொத்து பாகம் பிரிக்கப்பட்டது. கிணற்றடியில் மூன்றடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். தம் தென்னைகளுக்கு வாய்க்கால் வெட்ட அது வேண்டும் என்றார் அண்ணன். அளவுப்படி அது நம் பங்கு. நாம் விட்டுக்கொடுக்கவில்லை. சங்கிலி பிடித்து அளந்து, கல் நட்டு, வேலியும் போட்டோம். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அண்ணன் நம் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. ஒரு பேரரசைத் துறந்தவனைப் போற்றிய நாம், மூன்றடி மண்ணைத் துறக்க மாட்டாதவராய் இருந்தோம். இந்த முரண் அப்போது நமக்கு உறைக்கவேயில்லை.

உறைக்கச் செய்தவர் புனித இஞ்ஞாசியார். 1521-இல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, லொயோலா மாளிகையில் படுத்திருந்தவர், பொழுதுபோக்க வீரர் கதைகளைத்தான் கேட்டார். வீட்டில் அவை இல்லை. ஆண்டவரின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறுகளுமே கிடைத்தன. அரசவைப் பெண்மணி ஒருத்திக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களை அவர் மணிக்கணக்கில் எண்ணி மகிழ்வார்; எண்ணம் நீங்கியதும் உள்ளம் வறண்டு போகும். புனிதர்களைப் போல் நடக்க எண்ணியபோதோ, எண்ணம் நீங்கிய பின்னும் மகிழ்ச்சி நிலைத்தது. இவ்வேறுபாட்டை அவர் கவனித்தார். அவர் வாழ்வே அங்கிருந்து திரும்பியது.

ஒரு தவக்கால இரவில் இதை வாசித்துவிட்டு, பழக்கத்தால் ஐந்தாம் பாகத்தைக் கையில் எடுத்தோம். முடிசூட்டுக் காட்சி வந்தது. வழக்கம்போல் கண்ணீரும் வந்தது. புத்தகத்தை மூடினோம். உள்ளத்தில் எஞ்சியது என்ன என்று பார்த்தோம். சன்னலுக்கு வெளியே நிலவொளியில் வேலி தெரிந்தது.

மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின், வழியை மாற்றி அண்ணன் வீட்டுக்கு நடந்தோம். திண்ணையில் இருந்தவர் எழுந்து நின்றார். “வாய்க்காலை வெட்டிக்கொள்ளுங்கள், அண்ணா” என்றோம். வேறு சொற்கள் வரவில்லை. அவர் நெடுநேரம் பேசவில்லை. பின், “உட்கார் தம்பி” என்று சொல்லிவிட்டு, காப்பி கொண்டுவரும்படி அண்ணியை அழைத்தார்.

அது தியாகமன்று, தாமதமாகச் செய்த நியாயம். அதற்கே நமக்கு ஆயிரம் பக்கங்களும் இரண்டு ஆண்டுகளும் தேவைப்பட்டன. இன்றும் அப்பழைய பாகங்களை விரும்பி வாசிக்கிறோம். இளையோர் கையிலும் தயங்காமல் கொடுக்கிறோம். மகுடம் கைமாறும் அந்தப் பக்கம் வரும்போது மட்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருமுறை சன்னலுக்கு வெளியே பார்க்கிறோம். வேலி இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் ஓடுகிறது.