மேட்டுப்பாளையத்தில் கேட்ட நாயனம்

புதுச்சேரி என்றதும் கடற்கரைச் சாலையும் மணக்குள விநாயகரும்தானே உங்கள் நினைவுக்கு வரும்? நான் சொல்லப் போவது மேட்டுப்பாளையத்தைப் பற்றி. நீலகிரி ரயில் ஏறும் மேட்டுப்பாளையம் என்று எண்ணிவிடாதீர்கள். இது புதுச்சேரி நகரின் ஓரத்திலேயே, தொழிற்பேட்டையும் லாரிகள் நிற்கும் முனையமுமாக இரைச்சலோடு இருக்கும் இடம். ஊர் பார்க்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

அங்கே சிநேகிதர் ஒருவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிரான்ஸில் வேலையாயிருக்கும் பிள்ளை அனுப்பிய பாட்டு ஒன்றைச் செல்போனில் போட்டாள் வீட்டு அம்மாள். உள்ளே முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியம்மா, "யாரு வீட்டுக் கல்யாணம்? நாயனம் கேக்குதே!" என்று எழுந்தே வந்துவிட்டார்.

கல்யாணமாவது, கார்த்திகையாவது! அது பிரான்ஸின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டனி (பிரிட்டன் அல்ல) நாட்டு ராக் சங்கீதம்.

ஆனால் பாட்டியம்மாவின் காதைக் குறை சொல்ல முடியாது. அதில் ஒலித்த 'பொம்பார்து' என்ற வாத்தியம் நாயனத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. உருவம் சிறியது, குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். நமது சீவாளியைப் போலவே அதற்கும் இரட்டை நாணல் நாக்கு. கூடவே 'பினியூ' என்ற பை வாத்தியம். பொம்பார்துக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினால், பினியூ பாட்டை விடாமல் ஏந்திக்கொள்ளும். நம் ஒத்தைப் போலச் சுருதியும் அதிலேயே உண்டு. ஒருவர் பாட, அடியின் கடைசிச் சொற்களில் மற்றவர் சேர்ந்துகொண்டு திருப்பிப் பாட, சிறுவிரல்களைக் கோத்து வட்டமாக ஆடுவார்கள். நம் கும்மிதான், போங்கள்!

பிரிட்டனிக்காரர்கள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மக்களைப் போல் கெல்டிய மொழி பேசிய இனம். அந்த மொழிக்கு வந்த கஷ்டத்தைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை தாய்மொழியில் பேசினால் மரக்கட்டையோ பழைய செருப்போ கழுத்தில் ஏறும். அடுத்தாற்போல் பேசி மாட்டிக்கொள்ளும் குழந்தைக்கு அதை மாற்றிவிட வேண்டும். தான் பட்ட அவமானம் பிள்ளைக்கு வேண்டாமென்று தாய்மார்கள் பிரெஞ்சிலேயே பேசத் தொடங்கினார்கள். 1950 வாக்கில் சுமார் 10 லட்சம் பேர் பேசிய மொழியை இன்று 2 லட்சம் பேர்கூடப் பேசுவதில்லை.

1953-ல் ஒரு தகப்பனார், மறைந்துபோன பழங்கால யாழை மறுபடி செய்து, ஒன்பது வயது மகனிடம் கொடுத்தார். அந்தப் பையன்தான் ஆலன் ஸ்டிவெல். 1972 பிப்ரவரியில் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் யாழோடு மின்கிதாரையும் டிரம்ஸையும் சேர்த்து, மூன்று மாலுமிகளைப் பற்றிய கிராமத்துப் பாட்டைப் பாடினார். பாட்டிமார்களின் பாட்டென்று ஒதுக்கியிருந்த வாலிபர்கள் எழுந்து ஆடினார்கள்! அயர்லாந்தின் ஹார்ஸ்லிப்ஸ் போன்ற குழுக்களும் அதே காலத்தில் கிளம்பியவைதான். 1977-ல் அந்த மொழியிலேயே கற்பிக்கும் பள்ளியும் பிரிட்டனியில் பிறந்தது.

இவர்களுடைய பெரிய திருவிழா 1971 முதல் ஆகஸ்டு தோறும் லோரியான் துறைமுகத்தில் நடக்கிறது. 'கிழக்கு' என்று பொருள்படும் அந்த ஊர், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கட்டப்போய் உண்டானது. புதுச்சேரித் துணி மூட்டைகள் போய் இறங்கிய துறை அதுதான். பிள்ளை பாட்டை அனுப்பியதும் அங்கிருந்துதான்.

செருப்புக் கதையைக் கேட்டதிலிருந்து பாட்டியம்மா பேசவில்லை. பேரனின் பெண்ணுக்கு நாலு வயது. தமிழில் 'ஆயா' என்ற ஒரே வார்த்தைதான் தெரியும்.

"போனைப் போடு, பாப்பா கிட்டப் பேசணும்" என்றார். அங்கே அப்போது மத்தியானம். கீரைக் காம்பு கையில் இருக்க, ஒரு தாலாட்டை முழுக்கப் பாடி நிறுத்தினார்.

"ஆங்கோர், ஆயா!" என்றது குழந்தை.

இன்னொரு தரம் பாடச் சொல்கிறதாம்.