தைக் கல்யாணத்துக்கு மல்லிகைப் பந்தலா?

பாளையங்கோட்டை

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் மகளுக்குத் தையில் முகூர்த்தம் வைத்திருக்கிற செய்தி, உன் கடிதத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஜவுளி எடுக்க டவுனுக்கு வந்த உன் மதினி, ஒரு காபிக்கு இங்கே எட்டிப் பார்த்தாள். நீ எழுதாமல் விட்டதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். அதை நேரில் பேசுவோம். பூ விஷயத்தை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அதைத் தள்ளிப்போட முடியாது.

மேடை முழுக்க மல்லிகைச் சரம் தொங்க வேண்டும் என்று பிள்ளை செல்போனில் படம் காட்டுகிறாளாமே? ஏட்டி, அது சித்திரை, வைகாசிக் கல்யாணத்துப் படமாக இருக்கும். மல்லிகைக்கு வெயில் வேண்டும். பங்குனியில் பூக்க ஆரம்பித்தால் சங்கரன்கோவில் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வரும். கார்த்திகையில் செடியைக் கவாத்து செய்துவிடுவார்கள். அது துளிர்த்து மொட்டு விடுகிறவரை கிளையில் என்ன இருக்கும்? தப்பிய கொஞ்சமும் பனியில் சிறுத்துப் போகும். தை முகூர்த்தத்துக்குக் கிலோ மூவாயிரத்தைத் தாண்டுவது இதனால்தான். கோடையில் அதே பூ சில நூறு ரூபாய். வியாபாரியைத் திட்டி என்ன செய்ய?

போன தையில் எங்கள் பக்கத்துத் தெருவில் நடந்ததைக் கேள். யார் வீடு என்று எழுத மாட்டேன், நீயே கண்டுபிடித்துவிடுவாய். அலங்காரக்காரர் மல்லிகை என்று பேசி முன்பணம் வாங்கினார். முன்வரிசையில் நிஜப் பூ, பின்னால் முழுக்கப் பிளாஸ்டிக். பெண்ணின் பெரியம்மை ஒரு சரத்தை இழுத்து மோந்து பார்த்து, “என்னளா, வாசமே இல்லை!” என்று சம்பந்தி வீட்டார் முன்னால் சத்தமாகக் கேட்டாள். மறுவீட்டில் சொதி ஊற்றுகிறவரை அதே பேச்சுதான். சொதி அவ்வளவு நன்றாக இருந்தும் அதை ஒருத்தர் பாராட்டவில்லை.

தையில் நமக்கு இருக்கிற ராணி செவ்வந்தி. பகல் சுருங்கினால்தான் மொட்டு வைக்கிற செடி அது, அதனால் பனிக்காலத்தில் கொழிக்கும். மஞ்சளும் வெள்ளையுமாக மேடையை நிறைத்து, இடையிடையே மரிக்கொழுந்து செருகச் சொல். வாசத்துக்கு வாசம், மறுநாள் வரை வாடவும் வாடாது.

மாலைக்குத் தோவாளைக்கு ஒரு நடை போய் வா. ஆரல்வாய்மொழி தாண்டியதும் ஊர் வந்துவிடும். அங்கே கட்டுகிற மாணிக்க மாலை நம் ரோஜா மாலை மாதிரி உருண்டையாக இராது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்து வரிசை பிடித்து, பாய் முடைந்ததுபோல் தட்டையாகக் கட்டுவார்கள். தூர நின்று பார்த்தால் கல் பதித்த நகைதான். 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அரளி சாமிப் பூவாயிற்றே என்று உன் அத்தை முகம் சுளித்தால், வரவேற்புக்கு மட்டும் அதை வைத்துக்கொள். பெரியவர்களிடம் இதற்கெல்லாம் சண்டை போடக் கூடாது.

தலைக்கு மல்லிகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண்ணுக்கு விலை பாராமல் வாங்கு. அங்கேதான் அது வேண்டும், தூணில் இல்லை. காலையில் பறித்த மொட்டு அன்று ராத்திரியே விரிந்துவிடும். எனவே முந்தின நாள் மொட்டைச் சாயங்காலத்துக்குள் வாழைநாரில் நெருக்கிக் கட்டி, ஈரத்துணியில் சுற்றி, வாழை இலையில் பொதிந்து வை. பிரிட்ஜில் ஐஸ் தட்டை ஒட்டி வைத்தால் காலையில் கறுத்துக் கிடக்கும். வாங்கும்போது காம்பைப் பார். பச்சை மாறாமல் இருந்தால் புதுசு.

தாழம்பூ வைத்துச் சடை பின்ன வேண்டும் என்று நீ ஆசைப்படுவதும் தெரியும். அது மழைக்காலத்துச் சரக்கு. நம் காந்திமதி அம்மனுக்கே ஐப்பசியில்தான் திருக்கல்யாணம், அவளுக்கு அந்தக் கவலை இல்லை! ஆவணியில் வைத்திருந்தாலோ, ஓணத்துக்கு மலையாளக் கரையிலிருந்து வந்து அள்ளுகிறவர்களோடு போட்டி போட்டுக் கேந்திப் பூ வாங்க வேண்டியிருக்கும். அந்த வகையில் தை தேவலை.

ஆர்கிட் பேச்சை மட்டும் எடுக்காதே. விமானத்தில் வந்து இறங்குகிற வாசமில்லாத பூவுக்கு நம் வீட்டுக் கல்யாணத்தில் என்ன வேலை?

சந்திப்பு மார்க்கெட்டில் எனக்குப் பழக்கமான பூக்கார அண்ணாச்சியிடம் கார்த்திகைக்குள் சொல்லி வைத்துவிடலாம். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று உடனே எழுது. மொட்டாக வாங்குவதா, விரிந்ததா என்று அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இப்படிக்கு,
உன் பாளையங்கோட்டைக்காரி