மூன்று குடும்பம், ஒரு பூனை



உங்கள் வீட்டிலும் ஒரு பூனை இருக்கலாம். வாங்கி வந்திருக்க மாட்டீர்கள். அதுவாக வந்து சேர்ந்திருக்கும். ஒரு நாள் மீன் தலையைப் போட்டிருப்பீர்கள், மறுநாளும் வந்திருக்கும். தனிக் குடித்தனம் என்றால் அது உங்கள் பாடு. ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்கள் இருந்து, அந்தப் பூனை குட்டியும் போட்டுவிட்டால் என்ன நடக்கும்? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தவறும் இதில் இருக்கிறது. மறைக்காமல் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்.

என் தாய்வீடு நயினாதீவில். நான் மணமுடித்து யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்தேன். 1990இல் சண்டை தீவுப் பகுதிக்கு வந்தபோது உம்மாவும் தங்கையும் தம்பியும் எங்களிடம் வந்துவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். பிறகு புத்தளம், கிடுகுக் கொட்டில், அகதி வாழ்க்கை. உம்மா அங்கேயே மௌத்தாகிவிட்டார்.

2009இல் யுத்தம் முடிந்தது. 2011இல் நாங்கள் மூவரும் குடும்பங்களோடு உம்மாவின் வீட்டுக்குத் திரும்பினோம். கூரை பாதிதான் மிஞ்சியிருந்தது. மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு அடுப்படி. தீவில் நல்ல தண்ணீர் அருமை என்பதால் குடிதண்ணீர்க் குடங்களும் பொதுவாகவே இருந்தன.

அங்கேதான் வெள்ளைச்சி வந்தாள். முதல் ஈற்றில் நான்கு குட்டிகள். பிள்ளைகளுக்குப் பெருநாள் வந்த மாதிரி. இரண்டை அயலவர்கள் கொண்டு போனார்கள். மற்ற இரண்டும் பால் மறக்கும் முன்னரே வெள்ளைச்சி மறுபடி சினையாகிவிட்டாள். பால் கொடுக்கும் பூனை சினைப்படாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது பிழை. பூனைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம்தான். குட்டிகள் மடியில் கிடக்கும்போதே அது மீண்டும் கருத்தரிக்கும். ஆண்டுக்கு மூன்று ஈற்றுக்கூட வரலாம். பெண் குட்டியும் நான்கைந்து மாதத்திலேயே சினையாகக் கூடும்.

இரண்டாம் ஈற்றில் ஐந்து. வீட்டில் இப்போது பூனை எட்டு!

அந்த நேரத்தில் தம்பியின் மனைவி, என் மச்சாள், நான்கு மாதக் கர்ப்பிணி. பூனையின் மலத்தால் கருவிலிருக்கும் பிள்ளைக்குத் தீங்கு வரலாம் என்று யாரோ சொல்ல, அவள் பயந்துவிட்டாள். குட்டியொன்று தொழுகைப் பாயை நனைத்தது. தங்கையின் கருவாட்டுப் பெட்டியை இன்னொன்று கவிழ்த்தது. "ராத்தா, இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்கோ" என்று தம்பி என்னிடம் இரண்டு தரம் கேட்டான். மூத்தவள் நான். "பார்ப்பம்" என்று சொல்லித் தட்டிக் கழித்தேன்.

ஒரு நாள் சுபஹுக்குப் பிறகு அவன் ஐந்து குட்டிகளையும் ஒரு உமலில் போட்டு, வாயைக் கட்டி, முதல் படகுக்குப் போனான். குறிகட்டுவான் துறையில் விட்டுவிட்டு வந்தான். ஐந்து வாரக் குட்டிகள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், தொல்லை விட்டது என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

அந்த நிம்மதி மஃரிப் வரைதான். வெள்ளைச்சி ஒவ்வொரு மூலையாகத் தேடினாள். கடகத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பால் கட்டி மடி கல்லாகிவிட்டது. மூன்று இரவு கத்தினாள். மூன்றாம் இரவு, இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் வாயால் சொல்லாத ஒன்று நினைவுக்கு வந்தது. சோனகத் தெரு வீட்டிலும் ஒரு பூனை குட்டி போட்டுக் கிடந்தது. அன்றைக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைப் பூட்டும்போதுதான் அது உள்ளே இருக்கிறது என்று தெரிந்தது. திறந்து விட்டேன். தெருமுனை வரை எங்கள் பின்னாலேயே வந்து, குட்டிகளை நினைத்தோ என்னவோ, திரும்பிப் போய்விட்டது. அதற்கு ஒரு பிடி சோறு வைக்கவும் அன்று எனக்கு நேரம் தரப்படவில்லை. ஆனால் இந்தக் குட்டிகளுக்கு? எனக்கு எத்தனை வாரம் இருந்தது!

தம்பியிடம் அதைச் சொன்னேன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். விடிந்ததும் முதல் படகு எடுத்தான். துறையடித் தேநீர்க் கடையில் ஒரு குட்டியை வைத்து உணவு கொடுத்திருந்தார்கள். மற்ற நான்கும் கிடைக்கவில்லை. அந்த ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். வெள்ளைச்சி அதை நக்கிய நக்கலை நான் இன்றும் மறக்கவில்லை.

அன்றிரவு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினோம். மச்சாளின் பயத்தைக் கேலி செய்யாமல், பிள்ளைப்பேற்று மருத்துவரிடம் கேட்டோம். பயம் வீண் அல்ல. ஆனால் பூனையை விரட்ட வேண்டியதும் இல்லை என்றார். அந்தக் கிருமி பூனையின் மலத்தில் வெளிப்பட்டு, ஒருநாளாவது கழிந்த பிறகே தொற்றும் தன்மை பெறுகிறது. ஆகவே மண் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்பிணி அதைத் தொடக் கூடாது. சரியாக வேகாத இறைச்சியாலும், கழுவாத கீரையாலும்கூட அது வரும் என்றார்.

பிறகு வீட்டுக்குச் சில ஒழுங்குகள் வைத்தோம். மண் தட்டு என் பொறுப்பு. தீனி தங்கையின் பொறுப்பு. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். குடங்களுக்கும் கருவாட்டுக்கும் மூடி. குட்டி ஈன்ற மூலையில் பிள்ளைகள் முதல் வாரம் கை வைக்கக் கூடாது. தொந்தரவு செய்தால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறும். எட்டு வாரம் ஆகாமல் யாருக்கும் கொடுப்பதில்லை. பூனை கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போவது. விசர்நோய் நாயால் மட்டும் வருவதல்ல.

கடைசியாக, கருத்தடைச் சத்திரசிகிச்சை. இது கூடுமா என்று நீங்கள் கேட்பீர்கள், நாங்களும் கேட்டோம். உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேவை இருந்து, பிராணிக்குத் தீங்கு வராது என்றால் கூடும் என்பது பலரின் கருத்து. பெற்றுப் பெற்றுத் தெருவில் எறிவதைவிட இது மேல் என்று எங்கள் மனம் ஏற்றது. குட்டி பால் மறந்ததும் வெள்ளைச்சியைக் கூடையில் வைத்துப் படகேறி, பஸ் பிடித்து, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் கொண்டு போனோம். இளைய பூனைகளையும் பிறகு அப்படியே செய்தோம்.

இது தீவுக் கதை மட்டுமல்ல. லண்டனில் படித்த என் மகள் நான்கு பெண்களோடு ஒரு வீட்டைப் பகிர்ந்திருந்தாள். அவர்களில் ஒருத்தி ஃபெரட் என்ற பிராணி வளர்த்தாள். கீரி போல நீண்ட உடம்பு, இறைச்சிதான் தீனி. அதில் பெண் பருவத்துக்கு வந்து, இணை சேராமலும் மருத்துவம் இல்லாமலும் விட்டால், பருவம் அடங்காமலே நீண்டு, இரத்தம் குன்றிச் செத்தும் போகலாமாம். இணை சேர்த்தாலோ ஏழெட்டுக் குட்டிகள்! வாங்கும்போது அவள் யாரிடமும் கேட்கவில்லை. நாற்றமும் சண்டையும் வந்த பிறகுதான் பேசினார்களாம். "நம்மட வீட்டுக் கதைதான் உம்மா" என்றாள் மகள்.

சகோதரிகளே, பூனையைக் கட்டிப்போட்டு, தானும் தீனி கொடுக்காமல், அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண்ணின் ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நான் பூனையைக் கட்டவில்லையே என்று இருந்தேன். உமலின் வாயைக் கட்டியதைப் பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தேன்.

கூட்டு வீட்டில் ஒரு பிராணி எல்லோருடைய அமானிதம். குட்டிகள் பிறந்த பிறகு பேசினால் கோபம்தான் பேசும். பிறக்கும் முன்னரே உட்கார்ந்து பேசுங்கள்.

மச்சாளுக்குச் சுகமாக ஒரு பெண் பிள்ளை பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். துறையிலிருந்து வந்த குட்டியின் முதுகில் சாய்ந்துதான் அவள் உட்காரப் பழகினாள். வெள்ளைச்சி இன்று இல்லை. குறிகட்டுவானில் இறங்கும்போதெல்லாம் என் கண் இன்னும் அந்தத் தேநீர்க் கடையின் அடியில் தேடும்.

வஸ்ஸலாம்.